குழந்தை இன்னும் பால் குடிக்கிறது, அடுத்த கருவுக்கும் முயற்சி: எதைக் குறைக்கணும், எதைத் தொடரலாம்?

வெண்சங்கு
தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை "பாலை நிறுத்துங்க" என்பதுதான். எல்லோருக்கும் இது பொருந்துமா? மூன்று நிலைகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, குழந்தைக்கு 8 மாதம், பீரியட்ஸ் திரும்பவில்லை. இரண்டு, குழந்தைக்கு 14 மாதம், பீரியட்ஸ் வந்துவிட்டது, கரு மட்டும் நிற்கவில்லை. மூன்று, டெஸ்டில் இரண்டு கோடு விழுந்துவிட்டது, குழந்தை இன்னும் குடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்லாமல் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

பால்வழி
பிரித்துக் கேட்டதிலேயே பாதி வேலை முடிந்தது. "பால் கொடுக்கிறார்" என்ற ஒரு வரியை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு ஊட்டலுக்கு நடுவே விழும் மிக நீண்ட இடைவெளி எத்தனை மணி நேரம், குழந்தையின் வயது என்ன, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கணும்.

காரணம் இதுதான். குழந்தை காம்பைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. அங்கிருந்து துடிப்புத் துடிப்பாக வரவேண்டிய ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனின் சீர் கெடுகிறது, அதன் பின்னாலேயே முட்டையை வெளிப்படுத்தும் ஹார்மோனான எல்ஹெச்சின் துடிப்பும் தளர்கிறது. சினைப்பையில் ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சிறு பை) வளரத் தொடங்கினாலும் முற்றாமல் நின்றுவிடும். பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் ரத்தத்தில் அதன் அளவை மட்டும் வைத்து முட்டை வருமா வராதா என்று சொல்லிவிட முடியாது. அடிக்கடி சப்புவதுதான் முதல் தடை.

இந்தத் தடை விளக்கை அணைத்த மாதிரி ஒரே நாளில் போகாது. முதலில் ஃபாலிக்கிள் வளரும், ஆனால் வெடிக்காது. இந்தக் கட்டத்தில் ரத்தப்போக்கு மட்டும் வரலாம். அடுத்து முட்டை வெளிப்படும், ஆனால் அதற்குப் பிந்தைய நாட்கள், அதாவது லூட்டியல் கட்டம், குறுகலாக இருக்கும். அதன் பிறகே முழுச் சுழற்சி. உங்கள் முதல் நிலை ஆரம்பப் படியில் இருக்கலாம், இரண்டாவது நிலை நடுப்படியில்.

கணக்குப்பிள்ளை
"பீரியட்ஸ் வரவில்லை, அதனால் கரு தரிக்காது" என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்கக்கூடாது. பாலூட்டலையே கருத்தடையாக நம்பும் முறைக்கு மூன்று நிபந்தனை உண்டு: பிரசவத்துக்குப் பின் பீரியட்ஸ் வந்திருக்கக்கூடாது, குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக்கூடாது, முழுக்க அல்லது கிட்டத்தட்ட முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கணும். பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும் இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக்கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. இது 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் நடந்த கூட்டத்தில் நிபுணர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. ஒரு நிபந்தனை உடைந்தாலும் அந்த 98 செல்லாது.

முட்டை முதலில், ரத்தப்போக்கு இரண்டு வாரம் கழித்து. அதனால் ஒரு பீரியட்ஸைக்கூடப் பார்க்காமலே அடுத்த கர்ப்பம் நிற்கலாம்.

வெண்சங்கு
அப்படியென்றால் 8 மாதக் குழந்தை இருப்பவர் எதைக் குறைக்கணும்? பகலையா, இரவையா?

பால்வழி
இரவை. பகலில் ஒரு ஊட்டலைக் குறைத்தால் 3 மணி நேர இடைவெளி 6 ஆகும். இரவில் ஒன்றைத் தள்ளிவைத்தால் ஒரேயடியாக 7, 8 மணி நேர ஓய்வு கிடைக்கும். எல்ஹெச் துடிப்பு சீராவதற்கு அந்த நீண்ட ஓய்வுதான் வாய்ப்பு.

தாதிக்குறிப்பு
பால்வழி சொல்வதில் ஒன்றைத் திருத்துறேன். 8 மாதத்துக் குழந்தைக்கு இரவுப் பாலை நிறுத்துவது 14 மாதக் குழந்தைக்கு நிறுத்துற மாதிரி இல்லை. ஒரு வயது வரைக்கும் பால்தான் பிரதான உணவு, இணை உணவு பக்கத்துணைதான். இரவில் குடிக்காததை பகலில் குடிச்சு ஈடுகட்டணும். முடியலைன்னா பவுடர் பால் கொடுக்கணும். 12 மாதத்துக்கு முன்னாடி மாட்டுப்பாலை முக்கியப் பானமா மாத்தக்கூடாது. 6 மாதத்துக்குக் கீழே இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம்.

எடை ஏறுதா, 24 மணி நேரத்தில் 6 தடவையாவது துணி நல்லா நனையுதா, இந்த ரெண்டையும் பார்த்துட்டுத்தான் ஒவ்வொரு படியும் குறைக்கணும்.

ஒரு வயது தாண்டின குழந்தைக்கு நடைமுறை இப்படி: இரவில் விழிக்கிற நேரங்களை 3 நாள் குறிச்சு வையுங்க. அதில் எது ரொம்பக் குறைவா குடிக்கிற ஊட்டலோ அதிலிருந்து ஆரம்பிங்க. 10 நிமிஷம் குடிக்குதுன்னா ரெண்டு இரவுக்கு ஒருமுறை 2 நிமிஷம் குறைங்க. 2 நிமிஷத்துக்கு வந்த பிறகு அப்பாவோ வேறு யாரோ தூக்கி, தட்டிக்கொடுத்து, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துத் தூங்கவைக்கட்டும். பால் பாட்டிலை மாத்தாக் கொடுக்காதீங்க, பல் சொத்தைக்கு அதுவே வழி. ஒரு ஊட்டல் போன பிறகு 4, 5 நாள் இடைவெளி விட்டு அடுத்தது. மார்பு கட்டிக்கிட்டா பாரம் இறங்குற அளவுக்கு மட்டும் கையால பீய்ச்சுங்க. முழுசாக் காலி பண்ணினா உடம்பு இன்னும் தேவைன்னு நினைச்சு அதே அளவு சுரக்கும். சிவந்த திட்டு, காய்ச்சல், குளிர் நடுக்கம்னா மார்பகத் தொற்று. காத்திருக்காம டாக்டரைப் பாருங்க.

கணக்குப்பிள்ளை
படிப்படியாகக் குறைத்தால் உடம்பு பழகிவிடும், சட்டென்று குறைத்தால்தான் முட்டை முழித்துக்கொள்ளும் என்றும் ஒரு வாதம் இருக்கிறதே?

தாதிக்குறிப்பு
இருக்கு, கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனா பால் கட்டி, தொற்று வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கிட்டு, அழுற குழந்தையோட தூக்கமும் கெட்டு, அந்த மாதம் யார் முயற்சி பண்ணப்போறாங்க?

ஆய்வகஎலி
இரண்டாவது நிலைக்கு வருகிறேன். பீரியட்ஸ் வந்துவிட்டது, கரு நிற்கவில்லை. முதல் வேலை, முட்டை வெளிப்படுகிறதா, அதன் பின் எத்தனை நாளில் ரத்தப்போக்கு என்று பார்ப்பது. 10 நாளுக்குக் குறைவாக இருந்தால் கருப்பையின் உட்சுவர் கரு ஒட்டிக்கொள்ளப் போதுமான நாள் தாங்குவதில்லை. பாலூட்டும்போது முதல் சில சுழற்சிகளில் இது சகஜம், பெரும்பாலும் தானாகவே நீளும்.

எல்ஹெச் ஸ்ட்ரிப் (சிறுநீரில் எல்ஹெச் பார்க்கும் பட்டை): மதியம் அல்லது மாலையில், 4 மணி நேரம் சிறுநீர் அடக்கியபின் பாருங்கள். முந்தைய 2 மணி நேரம் தண்ணீரைக் குறையுங்கள். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரலாம். 'லாம்' என்பதைக் கவனியுங்கள். பாலூட்டுபவர்களுக்கு உடம்பு ஓரிரு முறை முயன்று பின்வாங்கும், அதனால் ஒரே சுழற்சியில் இரண்டு மூன்று முறை கோடு அடர்த்தியாகும். ஸ்ட்ரிப் முட்டை வரப்போகிறது என்கிறது, வந்ததை உறுதிசெய்யாது.

உறுதிசெய்வது அதிகாலை உடல் வெப்பம். குறைந்தது 3 மணி நேரம் தொடர்ந்து தூங்கி எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில். 0.2 முதல் 0.3 டிகிரி செல்சியஸ் உயர்ந்து 3 நாள் நிலைத்தால் முட்டை வந்தாயிற்று. இரவில் நாலு தடவை எழுந்தால் வரைபடம் பல்லை இளிக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் தெர்மாமீட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போவது மேல்: முட்டை வந்ததாகக் கருதும் நாளிலிருந்து 7-ஆவது நாள் புரோஜெஸ்டிரோன். 3 நானோகிராம்/மி.லி.க்கு மேல் இருந்தால் முட்டை வெளிப்பட்டிருக்கிறது. "21-ஆவது நாள் டெஸ்ட்" என்று அச்சடித்த மாதிரி எடுக்காதீர்கள். அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 35 நாள் சுழற்சியில் 21-ஆம் நாளில்தான் முட்டையே வெளிப்படும்.

நெல்லிமரம்
ஸ்ட்ரிப் எல்லாம் தேவையா? பீரியட்ஸ் சீராக வந்தால் 2, 3 நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதுமே.

ஆய்வகஎலி
சீராக வந்தால் போதும், முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சுழற்சி தாறுமாறாக இருப்பவர்களுக்கும், லூட்டியல் நாளை எண்ணவேண்டியவர்களுக்கும்தான் மேலே சொன்னது. பாலூட்டும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனி வறட்சி இருக்கும், முட்டை வெண்கரு மாதிரி வரும் திரவமும் சரியாகத் தெரியாது. அதை மட்டும் நம்பினால் நாளைத் தவறவிடுவீர்கள். வழுவழுப்புக்கு எதையாவது பயன்படுத்தினால் விந்தணுவைப் பாதிக்காதது என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, புரோலாக்டின் பரிசோதனை. பால் கொடுப்பவருக்கு அது கூடுதலாகத்தான் இருக்கும், இருக்கவேண்டும். அந்த எண்ணைப் பார்த்து அதைக் குறைக்கும் மருந்தான கேபர்கோலினோ புரோமோகிரிப்டினோ எழுதினால் பால் வற்றும். "நான் பால் கொடுக்கிறேன்" என்று ரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதைவிடத் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனை பார்ப்பது பயன். பிரசவத்துக்குப் பின் முதல் வருடத்தில் தைராய்டு தடுமாறுவது நிறைய, அதுவே சுழற்சியைக் குலைக்கும்.

வெண்சங்கு
சிகிச்சைக்குப் போனால்? மருந்து தொடங்கும் முன் பால் நிறுத்தியே ஆகணுமா?

ஆய்வகஎலி
மருந்துக்கு மருந்து வேறு. முட்டையைத் தூண்டும் குளோமிஃபீன் பாலைக் குறைக்கலாம். அதே வேலைக்கான லெட்ரோசோல் எடுக்கும்போதும் கடைசி டோஸுக்குப் பின் 3 வாரமும் பால் கொடுக்கவேண்டாம் என்றே மருந்துக் குறிப்பு சொல்கிறது. மெட்ஃபார்மின் பாலில் மிகக் கொஞ்சமே போகிறது, தொடரலாம். முட்டையை வெளிப்படவைக்கும் ஹெச்சிஜி ஊசியும், யோனி வழியாக வைக்கும் புரோஜெஸ்டிரோனும் பெரிய சிக்கல் இல்லை. உறைந்த கருவை வைப்பதற்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பால் அளவைக் குறைக்கும். கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரேயில் ஏற்றும் அயோடின் திரவத்துக்காகப் பாலை ஊற்றிவிடத் தேவையில்லை. ஐவிஎஃப் மையங்கள் பல முழு நிறுத்தம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முட்டை வளர்ச்சிக்கு மருந்துச் செலவு பெரிது, சுழற்சி கணிக்கக்கூடியதாக இருக்கணும்.

பால்வழி
அதில் முழுக்க உடன்பாடில்லை. உறைந்த கருவை வைக்கும் சுழற்சியில் முட்டையைத் தூண்டும் வேலையே இல்லை. 2 வயதுக் குழந்தை தூங்கும் முன் ஒரு தடவை குடிப்பதற்காக அதையும் தள்ளிப்போடச் சொல்வது பழக்கத்தால் வந்த விதி. "எந்த மருந்துக்காக நிறுத்தச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டு, பதில் மருந்தின் பெயராக வந்தால் நிறுத்துங்கள். "பொதுவா அப்படித்தான்" என்று வந்தால் இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

மருத்துவ உதவி எப்போது என்பதும் சேர்த்து: சீரான பீரியட்ஸோடு 35 வயதுக்குக் கீழே 12 மாதம், 35-க்கு மேல் 6 மாதம்.

நெல்லிமரம்
யாரும் இடைவெளியைப் பற்றி இன்னும் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது விடச் சொல்கிறது. வயது, சூழல் காரணமாக முன்னதாகவே முயல்பவர்கள் இருப்பார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் முன்னது சிசேரியன் என்றால் தையல் ஆறும் காலத்தையும், அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயலும் எண்ணம் இருந்தால் அதையும் டாக்டரிடம் முதலிலேயே பேசுங்கள்.

முயற்சிக்கு முன்: ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே. முந்தைய கருவில் நரம்புக் குழாய்க் குறை (மூளை, தண்டுவட வளர்ச்சிக் குறை), நீரிழிவு, வலிப்பு மருந்து என்றால் அதைவிடப் பல மடங்கு டோஸ், மருத்துவர் எழுதித்தான். ரூபெல்லா எதிர்ப்பு இல்லையென்றால் பால் கொடுக்கும்போதே எம்எம்ஆர் தடுப்பூசி போடலாம், ஆனால் அதற்குப்பின் ஒரு மாதம் கரு தரிக்கக்கூடாது.

தாதிக்குறிப்பு
மூணாவது நிலை. ரெண்டு கோடு விழுந்தாச்சு.

பால் கொடுப்பதால டெஸ்ட் பொய் சொல்லாது, அது பார்ப்பது கர்ப்பத்தில் சுரக்கிற ஹெச்சிஜி ஹார்மோனை. பீரியட்ஸே வராம முயற்சி பண்றவங்களுக்கு "நாள் தள்ளிப்போச்சு" என்ற அடையாளம் கிடையாதே. அதனால 4 வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணுங்க. கடைசியாச் சேர்ந்து 21 நாள் கழிச்சும் நெகட்டிவ்னா அந்த முறை இல்லைன்னு எடுத்துக்கலாம். பாசிட்டிவ் வந்தா கடைசி பீரியட்ஸ் தேதி இல்லாததால, கருவின் நீளத்தை அளந்து வாரம் கணக்கிடுற முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க, 13 வாரம் தாண்டினா அந்த அளவு அவ்வளவு துல்லியமா இருக்காது. வாரம் தப்பினா அதற்குப் பின்னாடி வர்ற எல்லாப் பரிசோதனையும் தப்பும். ஒரு பக்க அடிவயிற்று வலியும் ரத்தக்கசிவும் இருந்தா அன்னைக்கே போங்க, கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை
பால் கொடுப்பதால் கருச்சிதைவு வருமா? இதற்கு நேரான பதில் வேண்டும்.

பால்வழி
குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் சுரக்கிறது, கருப்பையை இறுக்குவதும் அதுதான், அதனால் வந்த பயம். ஆனால் கருப்பைச் சுவரில் அந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் கர்ப்பத்தின் பெரும்பகுதியில் மிகக் குறைவு, பிரசவ நேரம் நெருங்கும்போதுதான் பெருகும். புரோஜெஸ்டிரோனும் தசையை அமைதியாக வைத்திருக்கும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பாலூட்டல் குறைப்பிரசவத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை.

நேரான பதில் கேட்டதால் மறுபக்கமும். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்கத் தரவு ஆய்வில், இணை உணவு ஏதுமின்றி முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தபோது நின்ற கர்ப்பங்களில் சிதைவு கூடுதலாகத் தெரிந்தது. இணை உணவோடு பால் கொடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அப்படியொரு சிறு குழந்தை இருப்பவர்கள் மருத்துவரிடம் இதைக் குறிப்பாகப் பேசுங்கள்.

நிறுத்தவேண்டிய இடங்கள்: ரத்தப்போக்கு, முன்பு குறைப்பிரசவம், கருப்பை வாய் தளர்வு அல்லது அதற்குத் தையல், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பது, தாம்பத்தியமே வேண்டாம் என்று சொல்லப்பட்ட எந்தக் கர்ப்பமும். இரட்டைக் கரு என்றால் கேட்டுவிட்டுத் தொடருங்கள். 37 வாரத்துக்கு முன் ஒரு மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வயிறு இறுகினால் குழந்தையை மார்பிலிருந்து எடுத்துவிட்டு, இடது பக்கம் சாய்ந்து படுத்துத் தண்ணீர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் மருத்துவமனை. பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் வந்தாலோ அந்த ஒரு மணி நேரமும் கிடையாது.

நெல்லிமரம்
கர்ப்பத்தில் பால் கெட்டுவிடும் என்பது?

தாதிக்குறிப்பு
கெடாது. மாறும். நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்களால 4, 5-ஆம் மாதத்தில் அளவு பலருக்கு நல்லாக் குறையும். இரண்டாம் டிரைமெஸ்டரிலேயே (நடு மூணு மாதம்) சீம்பாலா மாறத் தொடங்கும். சோடியம் கூடி லாக்டோஸ் குறையறதால உப்புக் கரிக்கும். சில குழந்தைங்க ஒரு வாய் வச்சுட்டு முகத்தைச் சுளிச்சுத் தானே மறந்துடும். அடிக்கடி பம்ப் பண்ணினாலும், வெந்தயக் காப்ஸ்யூலை விழுங்கினாலும் இந்தக் குறைவை மீட்க முடியாது, ஹார்மோன் விடாது. வெந்தயத்தை மருந்து அளவில் கர்ப்பத்தில் எடுக்கவும் கூடாது.

இங்கேதான் குழந்தையோட வயசு எல்லாத்தையும் தீர்மானிக்குது. 6 மாதத்துக்குக் கீழேன்னா பவுடர் பால் சேர்த்தே ஆகணும், வாரம் ஒருமுறை எடை. 6 முதல் 12 மாதம்னா பவுடர் பாலும் இணை உணவும். ஒரு வயது தாண்டினா நாளைக்கு 350 முதல் 400 மி.லி. பால் அல்லது அதற்கு ஈடான பால் பொருள், மீதி சாப்பாடு. குழந்தை மணிக்கணக்கில் மார்பிலேயே தொங்குதே, விழுங்குற சத்தம் கேக்கலையேன்னா அது குடிக்கலை, சும்மா சப்புது. அதை ஊட்டல் கணக்கில் சேர்க்காதீங்க.

வெண்சங்கு
காம்பு வலி தாங்கமுடியவில்லை என்பதுதான் அதிகம் கேட்கும் புகார்.

பால்வழி
நாள் தள்ளிப்போகும் முன்பே சிலருக்கு அந்த வலி தொடங்கிவிடும். தொற்று, புண் இல்லாமல் வரும் வலி ஹார்மோனால் வருவது, அதனால் களிம்பு பெரிதாக உதவாது. உதவக்கூடியது, வாயை அகலத் திறக்கவைத்துப் பிடிக்கவைப்பது. பல் முளைத்த பெரிய குழந்தைகள் சோம்பேறித்தனமாகக் காம்பு நுனியை மட்டும் பிடிக்கும். ஓரளவு புரியும் வயதென்றால் "பத்து எண்ணுவேன், அப்புறம் போதும்" என்று வரம்பு போடுங்கள். எரிச்சலும் வெறுப்பும் பொங்கி, குழந்தையைத் தள்ளிவிடத் தோன்றுவதும் உண்டு. அது பாசக்குறைவில்லை, உடம்பின் எதிர்வினை. அந்த ஊட்டலைக் குறைக்க அதுவே போதுமான காரணம்.

மசக்கை மருந்தில் ஒரு எச்சரிக்கை. டாக்சிலமின் கலந்த மாத்திரை குழந்தையையும் மந்தமாகத் தூங்கவைக்கலாம். 14 மாதக் குழந்தைக்குக் கவனித்தால் போதும், சின்னக் கைக்குழந்தை என்றால் மாற்று கேளுங்கள்.

நெல்லிமரம்
சாப்பாட்டுக் கணக்கு: இரண்டாம் டிரைமெஸ்டரில் கூடுதலாக ஏறக்குறைய 340 கலோரி, மூன்றாவதில் 450. பாலுக்குத் தனி. 100 மி.லி. தாய்ப்பாலில் 65, 70 கலோரி இருக்கிறது, குழந்தை குடிக்கும் அளவை வைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். முழுக்கப் பால் குடிக்கும் குழந்தைக்குச் சொல்லும் 500 கலோரியை, இரண்டு வாய் குடிக்கும் 18 மாதக் குழந்தைக்கும் சேர்க்கவேண்டாம். எடை ஏறவில்லை என்றால் முதலில் ஊட்டலைக் குறையுங்கள்.

இரும்பு 30 முதல் 60 மி.கி., அயோடின் மொத்தம் 250 மைக்ரோகிராம், கால்சியம் 1000 மி.கி. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் மாத்திரை அளவை மருத்துவர் மாற்றுவார்.

வெண்சங்கு
பிரசவம் வரை தொடர்ந்துவிட்டால், சீம்பாலைப் பெரிய குழந்தை காலி பண்ணிவிடாதா?

தாதிக்குறிப்பு
காலி ஆகிற சரக்கு இல்லை அது, நஞ்சுக்கொடி வெளியே வர்ற வரைக்கும் சீம்பால்தான் சுரக்கும். ஆனா முதல் சில நாள் அளவு சில மி.லி. தான், அதனால வரிசை முக்கியம்: பிறந்த குழந்தை முதல்ல, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. பெரியது மிச்சத்துக்கு. முதல் வாரத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பணும். பெரிய குழந்தைக்கு அந்த நாட்களில் வயிறு கொஞ்சம் இளகும், சீம்பால் மலமிளக்கி. 3, 4-ஆம் நாள் பால் பொங்கி மார்பு கல்லா இறுகும்போது, புதுசு பிடிக்கத் திணறினா, பெரியதை ஒரு நிமிஷம் குடிக்கவச்சு இளக்கிட்டு அப்புறம் சின்னதை வையுங்க.